துஆவுக்கு (இறைவேண்டலுக்கு) பதில் தாமதமாகும்போது நம்பிக்கையைக் காப்பது எப்படி?

உட்லண்ட்ஸ் வாசகி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். திருமணமாகிப் பல ஆண்டுகளாக நானும் என் கணவரும் ஒரு குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையும் செய்துகொண்டோம்; அது கைகூடவில்லை. தஹஜ்ஜுத் எனும் பின்னிரவுத் தொழுகையிலும், நோன்பு திறக்கும் வேளையிலும், ஜும்ஆ நாளின் அஸர் (மாலைநேரத்) தொழுகைக்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அல்லாஹ் செவியேற்கிறான் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் சில காலமாகக் கையேந்தும்போது வாயில் சொற்கள் வருகின்றனவே தவிர, உள்ளத்தில் எதிர்பார்ப்பு எழுவதில்லை.

"என்னை அழையுங்கள், நான் உங்களுக்குப் பதிலளிக்கிறேன்" என்று குர்ஆனில் (40:60) வாக்களிக்கப்பட்டிருக்கிறது. அந்த வாக்கை நான் எப்படிப் புரிந்துகொள்வது? அண்மையில் ஒரு நிக்காஹ் விருந்தில் உறவினர் ஒருவர், "இவ்வளவு காலம் கேட்டும் கிடைக்கவில்லையென்றால் உங்கள் துஆவில் ஏதோ தடை இருக்கிறது, வீட்டுக்காரருடைய சம்பாத்தியத்தைப் பாருங்கள்" என்று பலர் முன்னிலையில் சொன்னார். என் கணவர் அன்றிரவு முழுவதும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தாமதம் என்பது நிராகரிப்பின் அடையாளமா? எதிர்பார்ப்பு வற்றிய நெஞ்சோடு கேட்கும் துஆவுக்கு மதிப்பு உண்டா? மார்க்க அறிவுடையவர்கள் விளக்குங்கள்.

தோ பாயோ பெரியவர் எழுதியது:

வஅலைக்குமுஸ்ஸலாம், மகளே. உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களை அதிகம் வாட்டுவது அதுதான் என்று தோன்றுகிறது.

"அவசரப்படாத வரை உங்களில் ஒருவருடைய துஆ ஏற்கப்படும்" என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி), புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. இதைக் கேட்ட பலர், மனம் பதறுவதையும், "இன்னும் ஏன் வரவில்லை" என்று ஏங்குவதையுமே அவசரம் என்று எண்ணித் தங்களைத் தாங்களே குற்றவாளியாக்கிக்கொள்கிறார்கள். முஸ்லிமில் வரும் அறிவிப்பில், அவசரப்படுவது என்றால் என்ன என்று நபியவர்களிடமே கேட்கப்படுகிறது. "கேட்டேன், கேட்டேன், எனக்குப் பதில் கிடைப்பதை நான் காணவில்லை என்று சொல்லிச் சோர்ந்து, துஆவையே விட்டுவிடுவது" என்று அவர்கள் விளக்குகிறார்கள். கண்டிக்கப்படுவது விட்டுவிடுதல், வலியோடு தொடர்ந்து நிற்பவரை இந்த ஹதீஸ் கண்டிக்கவில்லை. நெஞ்சு காய்ந்திருக்கும்போதும் தஹஜ்ஜுத்துக்கு எழுந்து நிற்கிறீர்களே, விட்டுவிட்டவர் செய்கிற காரியமா அது?

முதல் கேள்விக்கு, அபூஸயீத் அல்குத்ரி (ரலி) அறிவித்து முஸ்னத் அஹ்மத் தொகுப்பில் இடம்பெற்றுள்ள ஹதீஸைச் சொல்வார்கள். பாவத்தையும் உறவை முறிப்பதையும் கேட்காத எந்த முஸ்லிமின் துஆவுக்கும் மூன்றில் ஒன்று கிடைக்கும்: கேட்டது விரைவில் தரப்படும், அல்லது மறுமைக்கென்று சேர்த்துவைக்கப்படும், அல்லது அதற்கு நிகரான ஒரு தீங்கு விலக்கப்படும். இதைக் கேட்ட தோழர்கள், "அப்படியானால் நாங்கள் அதிகமாகக் கேட்போமே" என்றார்கள். "அல்லாஹ் அதைவிட அதிகமானவன்" என்று நபியவர்கள் பதிலளித்தார்கள்.

ஹஜ்ஜுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் நம் ஊர்ப் பெரியவர்களை நான் இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பதுண்டு. அண்மை ஆண்டுகளில் சிங்கப்பூருக்கு ஒதுக்கப்படும் இடங்கள் 900 அளவிலேயே இருக்கின்றன; வரிசையோ மிக நீண்டது. 2020ஆம் ஆண்டில் இடம் கிடைத்திருந்தவர்களுடைய பயணமும் பெருந்தொற்றால் தள்ளிப்போனது. கஅபாவைக் காணவேண்டும் என்று ஆண்டாண்டுக் காலமாகத் துஆ செய்து, காணாமலேயே மவுத்தானவர்கள் இருக்கிறார்கள். நன்மையொன்றை நாடி, அதைச் செய்ய முடியாமல் போனவருக்கும் அது முழு நன்மையாக எழுதப்படும் என்ற ஹதீஸை நம்புகிற நாம், அவர்களுடைய துஆ வீணாயிற்று என்று சொல்ல மாட்டோம்.

ஜூரோங் பொறியாளர் எழுதியது:

சகோதரியின் வேதனை எனக்குப் புரிகிறது. வேலையிழந்து மாதக்கணக்கில் நேர்காணல்களுக்குப் போய்வரும் நான், அதே கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். பெரியவர் மீது முழு மரியாதையோடு ஒரு கேள்வியை முன்வைக்கிறேன். இது வாதத்துக்காக எழுப்பும் கேள்வி அன்று.

கேட்டது கிடைத்தாலும் பதில். கிடைக்காவிட்டாலும், மறுமையில் கிடைக்கும் அல்லது தீங்கு விலகியது என்பதால் அதுவும் பதில். அப்படியானால் எது நடந்தாலும் பதில் என்றுதானே ஆகிறது? வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கு விண்ணப்பித்தவர் வரிசை எண்ணையாவது பார்த்துத் தம் நிலையைத் தெரிந்துகொள்கிறார். துஆ கேட்டவருக்கோ தம்முடையது இந்த மூன்றில் எது என்று தெரிய வழியே இல்லை. நான் ஈமானை இழக்க விரும்பவில்லை. ஆனால் என்னை நானே தேற்றிக்கொள்வதற்கும் உண்மையிலேயே நம்புவதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு மங்கிக்கொண்டே வருகிறது. அதைத் தெளிவாக்க முடியுமா?

மதரஸாவில் ஓதியவன் எழுதியது:

சகோதரர் ஜூரோங் பொறியாளர் கேட்டது நேர்மையான கேள்வி. "சந்தேகப்படாதீர்கள்" என்று சொல்லி அதை மூடிவிடுவது அநீதி.

அந்த ஹதீஸ், நடந்துமுடிந்த நிகழ்வுகளை எடுத்து எது எந்த வகை என்று தரம்பிரிப்பதற்காகச் சொல்லப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தோழர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள்: எங்களுடைய துஆ எந்த வகையில் சேர்ந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, இன்னும் அதிகமாகக் கேட்போம் என்றே சொன்னார்கள். அது கேட்பவரைக் கேட்க வைக்கும் சொல். ஆகவே, "என் வேலை போனதால் விலகிய தீங்கு எது" என்று தேடி அலைய வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தேடினாலும் அகப்படாது, அகப்பட்டதாக நினைத்தாலும் அது ஊகமே.

அப்படியானால் நம்பிக்கை எதன் மேல் நிற்கிறது? ஸூரத்து மர்யமின் தொடக்கத்தில் ஸகரிய்யா (அலை) அவர்களின் துஆ வருகிறது. எலும்பு தளர்ந்துவிட்டது, தலை நரையால் மின்னுகிறது, மனைவிக்கோ பிள்ளைப்பேறு இல்லை. அந்த நிலையில் அவர்கள், "என் இறைவா, உன்னிடம் கேட்டு நான் ஒருபோதும் பாக்கியமற்றவனாக இருந்ததில்லை" (19:4) என்கிறார்கள். மகன் யஹ்யா (அலை) பற்றிய நற்செய்தி வருவதற்கு முன்பே சொல்லப்பட்ட சொல் அது. பிள்ளை கையில் இல்லாத முதுமையில் நின்றுகொண்டு, தாம் கேட்டுவந்த ஆயுளைத் திரும்பிப் பார்த்து, அது பாழாகவில்லை என்று ஒரு நபி சாட்சி சொல்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு வேண்டுதலின் முடிவை வைத்து அல்லாஹ்வை அவர்கள் அளக்கவில்லை. அவனைப் பல காலமாக அறிந்த அறிவை வைத்துக்கொண்டு அந்த வேண்டுதலை அவன் முன் வைக்கிறார்கள். தேற்றிக்கொள்வதற்கும் நம்புவதற்கும் இடையே நீங்கள் கேட்ட வேறுபாட்டை நான் இந்த இடத்தில்தான் காண்கிறேன். முதலாவது, நடந்த ஒன்றுக்குக் காரணம் கற்பிப்பது. இரண்டாவது, இன்னும் நடக்காத ஒன்றின் முன் நின்று, தான் அறிந்தவனை நோக்கிப் பேசுவது.

காலத்தைப் பற்றியும் இரண்டு செய்திகள். எகிப்து மன்னன் ஃபிர்அவ்னுக்கு எதிராக மூஸா (அலை) கேட்டபோது, அவர்களையும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களையும் நோக்கி, "உங்கள் இருவரின் துஆ ஏற்கப்பட்டுவிட்டது, ஆகவே உறுதியாக நில்லுங்கள்" (10:89) என்று அல்லாஹ் பதிலளித்தான். அதன் பிறகும் ஃபிர்அவ்ன் 40 ஆண்டுகள் வாழ்ந்தான் என்று இப்னு ஜுரைஜ் சொன்னதைத் தஃப்ஸீர்கள் (குர்ஆன் விரிவுரைகள்) எடுத்துக்காட்டுகின்றன. அது ஒரு விரிவுரையாளரின் கூற்று, குர்ஆனின் வாசகம் அன்று; ஆயினும் ஏற்கப்பட்ட செய்தியோடு உறுதியாக நிற்கும்படி கட்டளையும் சேர்ந்தே வருவதை வசனத்திலேயே காணலாம். இப்ராஹீம் (அலை) அவர்களோ கஅபாவின் அடித்தளத்தை உயர்த்தும்போது, தம் சந்ததியிலிருந்து ஒரு தூதரை அனுப்பும்படி (2:129) கேட்டார்கள். அந்தத் துஆவின் பதிலாக நம் நபி (ஸல்) அவர்கள் வந்தது எத்தனையோ தலைமுறைகளுக்குப் பிறகு. கேட்டவர்கள் இவ்வுலகில் இருந்து அதைப் பார்க்கவில்லை.

ஹௌகாங் சகோதரர் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் மென்மையான பக்கத்தை மட்டும் பேசுவது மார்க்கத்தில் பாதியை மறைப்பதாகிவிடும். நீண்ட பயணத்தில் தலை கலைந்து, புழுதி படிந்து, வானத்தை நோக்கிக் கைகளை உயர்த்தி "யா ரப்பு, யா ரப்பு" என்று அழைக்கும் மனிதரைப் பற்றிய ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. அவருடைய உணவு ஹராம் (தடுக்கப்பட்டது), பானம் ஹராம், உடை ஹராம், அவருக்கு எப்படிப் பதிலளிக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். வட்டியும் ஏமாற்றும் சாதாரணமாகிவிட்ட காலத்தில் இதைச் சொல்லாமல் விடலாமா? அந்த உறவினர் கேட்ட முறை தவறாக இருக்கலாம், கேட்ட விஷயம் தவறன்று.

மதரஸாவில் ஓதியவன் எழுதியது:

அந்த ஹதீஸை நானும் ஏற்கிறேன். துஆ கேட்கிற ஒவ்வொருவரும் தம் உணவையும் வருமானத்தையும் அதைக்கொண்டு சோதித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதை நீங்கள் எந்தத் திசையில் திருப்புகிறீர்கள் என்பதில் எனக்குக் கடுமையான மறுப்பு இருக்கிறது. ஹராமான உணவு துஆவுக்குத் தடை என்று ஹதீஸ் சொல்கிறது. பதில் தெரியாத இடமெல்லாம் ஹராம் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. மழையில் நடந்தவர் நனைவார் என்பதற்காக, நனைந்தவர் எல்லாரும் மழையில் நடந்தவர் ஆகிவிட மாட்டார்.

இதற்கு என்னைவிடப் பெரிய மறுப்பு நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இருக்கிறது. பனூ முஆவியா பள்ளிவாசலில் அவர்கள் இரண்டு ரக்அத் தொழுது, நெடுநேரம் துஆ செய்துவிட்டு, தம் இறைவனிடம் மூன்றைக் கேட்டதாகத் தோழர்களிடம் சொன்னார்கள். தம் உம்மத்தை (சமுதாயத்தை) பஞ்சத்தால் அழிக்க வேண்டாம் என்று கேட்டார்கள், தரப்பட்டது. வெள்ளத்தில் மூழ்கடித்து அழிக்க வேண்டாம் என்று கேட்டார்கள், அதுவும் தரப்பட்டது. தமக்குள்ளேயே ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளாதிருக்க வேண்டும் என்று கேட்டார்கள், அது மறுக்கப்பட்டது. ஸஅத் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸும் முஸ்லிமில்தான் இருக்கிறது. அவர்களுடைய உணவில் ஹராம் இருந்ததா? அவர்களுடைய உள்ளத்தில் கவனக்குறைவு இருந்ததா? நவூது பில்லாஹ். கேட்டது கிடைக்காமை கேட்டவரின் தரத்தைக் காட்டும் அளவுகோலாக இருக்குமானால், இந்த ஒரு ஹதீஸின் முன்னால் நாம் வாயடைத்துப் போக வேண்டும்.

பிள்ளைப்பேறு விஷயத்திலோ குர்ஆனே நேரடியாகப் பேசுகிறது. தான் நாடியவர்களுக்குப் பெண்மக்களையும், நாடியவர்களுக்கு ஆண்மக்களையும், சிலருக்கு இரண்டையும் சேர்த்தும் அல்லாஹ் தருகிறான். நாடியவர்களைப் பிள்ளைப்பேறு இல்லாதவர்களாகவும் ஆக்குகிறான் (42:49-50). நான்கும் ஒரே மூச்சில், அவனுடைய அறிவுக்கும் ஆற்றலுக்கும் உரியவையாகவே சொல்லப்படுகின்றன; நான்காவது தண்டனை என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை இல்லை. சகோதரி மகன் அப்துல்லாஹ் இப்னு ஸுபைரின் பெயரால் "உம்மு அப்துல்லாஹ்" என்று அவர்கள் அழைக்கப்பட்டார்கள். விருந்தில் பேசிய அந்த உறவினர், அன்னையவர்களை நினைத்துப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லை வாயிலேயே அடக்கியிருப்பார்.

ஹௌகாங் சகோதரர் எழுதியது:

பனூ முஆவியா ஹதீஸை இந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை. சகோதரியும் அவருடைய கணவரும் என் எழுத்தால் புண்பட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். சுயபரிசோதனை வேண்டும் என்ற அளவில் என் கருத்து நிற்கிறது. அடுத்தவரைப் பரிசோதிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் ஏற்கிறேன்.

பெடோக் சகோதரி எழுதியது:

நான் மார்க்கக் கல்வி பெற்றவள் அல்லள். என் உம்மா நீண்ட காலம் சிறுநீரகச் சுத்திகரிப்புச் சிகிச்சையில் இருந்தார்கள். அவர்களுக்கு ஷிஃபா (நோய் நிவாரணம்) வேண்டும் என்று எங்கள் வீடே கேட்டது. 2020இல், பள்ளிவாசல்கள் மூடியிருந்த நாள்களில், உம்மா மவுத்தானார்கள். பெரிய ஜனாஸா (இறுதித் தொழுகை) ஜமாஅத்துக்கு வழியில்லாமல், சுவா சூ காங்கில் மிகச் சிலரோடு அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு, தொழுகை முடிந்ததும் ஸலாம் கொடுத்துவிட்டு உடனே எழுந்துவிடுவேன். கை ஏந்தவே மனம் வராது.

ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பெரும்பாலோர் "சபுர் செய்யுங்கள், அழாதீர்கள்" என்றார்கள். அந்த அறிவுரை என்னை அல்லாஹ்விடமிருந்து இன்னும் தள்ளியே வைத்தது. அழுகிறவளுக்கு அவனுடைய சந்நிதியில் இடமில்லை என்பது போல. பிறகு ஸூரத்து யூஸுஃபின் விளக்கத்தை ஒரு ஹஜ்ரத்தின் தமிழ் பயானில் கேட்டேன். யஃகூப் (அலை) தம் மகனை எண்ணிக் கண்கள் வெளுத்துப்போகும் அளவுக்குத் துயருற்றார்கள் (12:84). பிள்ளைகள் அதைக் குறையாகச் சொன்னபோது, "என் துக்கத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்" (12:86) என்றார்கள். அதற்கு அடுத்த வசனத்தில் அதே மனிதர், "அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கையிழக்காதீர்கள்" என்று அந்தப் பிள்ளைகளைத் தேடுவதற்கு அனுப்புகிறார்கள். பார்வை போகும் அளவுக்கு அழுதவர்தான் நம்பிக்கையிழக்காதீர்கள் என்று சொன்னவர். இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்திருக்கின்றன. நம் நபி (ஸல்) அவர்களும் தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது, "கண் கலங்குகிறது, உள்ளம் துயருறுகிறது, நம் இறைவன் பொருந்திக்கொள்வதைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டோம்" என்றார்கள்.

அன்று முதல் ஷிஃபா கேட்ட அதே வாயால் உம்மாவுக்கு மஃபிரத் (பாவமன்னிப்பு) கேட்கத் தொடங்கினேன். வேண்டுதல் மாறியது, கேட்கும் இடம் மாறவில்லை. உட்லண்ட்ஸ் சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: "எனக்கு வலிக்கிறது, எனக்கு எதிர்பார்ப்பே வரவில்லை" என்பதையும் அவனிடமே சொல்லுங்கள். அழகான துஆக்களை மனப்பாடமாகச் சொல்ல முடியாத இரவுகளில் அதுவே போதும்.

கிளமெண்டி மாணவன் எழுதியது:

இடையில் ஒரு சிறிய சந்தேகம். அப்படி மனத்தில் பட்டதைத் தமிழிலேயே கேட்கலாமா? எனக்கு அரபியில் சில துஆக்களே தெரியும்.

தோ பாயோ பெரியவர் எழுதியது:

தொழுகை முடித்த பின் தாராளமாகத் தமிழில் கேட்கலாம், தம்பி. அதில் யாருக்கும் மறுப்பில்லை. தொழுகைக்குள், ஸஜ்தாவில், அரபி அல்லாத மொழியில் கேட்பது பற்றி மத்ஹபுகளிடையே (சட்ட மரபுகளிடையே) கருத்து வேறுபாடு உண்டு. நம்மவர்களில் ஹனஃபிகளும் ஷாஃபிகளும் இருப்பதால், உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகி எழுதியது:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹு கைரா. ஹௌகாங் சகோதரரே, மனத்தில் எதுவும் இல்லை. பனூ முஆவியா ஹதீஸையும் ஆயிஷா நாயகியைப் பற்றி எழுதியதையும் என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டும். சிகிச்சையைத் தொடர என் உடல் ஒத்துழைக்கவில்லை. நிறுத்தினால் தவக்குல்லை (அல்லாஹ்வைச் சார்ந்து நிற்பதை) விட்டதாக ஆகுமா? மேலும், சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தில் சேரலாமா என்ற பேச்சு எங்களுக்குள் எழுந்திருக்கிறது. பிறருடைய பிள்ளையை வளர்க்க முன்வந்தால், சொந்தப் பிள்ளைக்கான துஆவை நாங்களே கைவிட்டதாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். "இதையாவது செய்யுங்கள்" என்று பிறர் சொல்லும் ஆறுதலாக அது அமைவதையும் நான் விரும்பவில்லை. அந்தப் பிள்ளைக்கும் அது நியாயமாகாது.

மதரஸாவில் ஓதியவன் எழுதியது:

மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு சிகிச்சையையும் உடல் தாங்காத எல்லைவரை கொண்டுசெல்வது கடமை என்று பெரும்பான்மை அறிஞர்கள் சொல்லவில்லை. உங்கள் மருத்துவரோடு பேசுங்கள், நல்ல முடிவைக் காட்டும்படி வேண்டும் இஸ்திகாரா தொழுங்கள். அந்தத் துஆவின் இறுதியில், "நன்மை எங்கே இருந்தாலும் அதை எனக்கு விதித்து, அதில் என்னைத் திருப்தியடையச் செய்" என்று கேட்கிறோம். முடிவெடுக்கும் தெளிவோடு, எடுத்த முடிவைத் தாங்கும் மனத்தையும் சேர்த்தே அங்கே கேட்கிறோம். சிகிச்சையை நிறுத்துவது துஆவை நிறுத்துவது ஆகாது.

வளர்ப்புப் பிள்ளையைப் பொறுத்தவரை, அதன் தந்தைவழி அடையாளத்தை மாற்றக் கூடாது (33:5) என்பது போன்ற சட்டங்கள் உள்ளன. மஹ்ரம் (மணமுடிக்கத் தடையான நெருங்கிய உறவு) தொடர்பானவற்றைச் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸிடமோ பள்ளிவாசலிலோ முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். உங்கள் அச்சத்துக்கான பதிலை நான் ஸகரிய்யா (அலை) அவர்களின் வரலாற்றிலேயே காண்கிறேன். பிள்ளையில்லாத அவர்கள்தான் மர்யம் (அலை) அவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்தார்கள். மிஹ்ராபில் (வணக்க அறையில்) மர்யமிடம் உணவைக் கண்டு, இது எங்கிருந்து வந்தது என்று கேட்க, "இது அல்லாஹ்விடமிருந்து வந்தது" என்று அந்தப் பிள்ளை சொன்னது. "அங்கேயே ஸகரிய்யா தம் இறைவனிடம் வேண்டினார்" (3:38) என்கிறது குர்ஆன். தாம் பெறாத பிள்ளையின் பொறுப்பை ஏற்று, அந்தப் பிள்ளையின் அருகிலேயே நின்று தம் பிள்ளையைக் கேட்டிருக்கிறார்கள்.

ஜூரோங் பொறியாளர் எழுதியது:

என் கேள்விக்கு எழுதப்பட்டதைப் பலமுறை வாசித்தேன். எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எனினும் என் வேலை போனதற்குக் காரணம் தேடுவதை இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தத் தேடல் என்னைத் துஆவிலிருந்து விலக்கிக்கொண்டே இருந்தது.

சகோதரர் ஒருவருக்காக அவர் அறியாமல் கேட்கும் துஆவுக்கு, "ஆமீன், உனக்கும் அதுபோல்" என்று வானவர் சொல்வதாக முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. இங்கே எழுதிவிட்டதால் அறியாமல் என்பது பொருந்தாமல் போகலாம். இருந்தாலும் உட்லண்ட்ஸ் சகோதரிக்கும் அவருடைய கணவருக்கும் கேட்கிறேன். வியாழக்கிழமை எனக்கு ஒரு நேர்காணல் இருக்கிறது. நீங்களும் கேளுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகி எழுதியது:

இன்ஷா அல்லாஹ், சகோதரரே. நாங்கள் இருவரும் கேட்கிறோம். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமை இங்கே வந்து எழுதுங்கள்.